தீ தொட்ட பாலேடு

ஒரு கரண்டியில் இரண்டு புதிர்கள்

'க்ரெம் ப்ரூலே' என்னும் பிரெஞ்சு தேசத்து இனிப்பை முதன்முறையாக உண்ண அமர்பவர், அகன்று ஆழங்குறைந்த அந்தப் பீங்கான் கிண்ணம் தம்முன் வைக்கப்பட்டதும், கரண்டியின் பின்புறத்தால் அதன் மேற்பரப்பை மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று உடைந்தாற்போன்ற ஓசையைக் கேட்டு ஒரு கணம் கையை நிறுத்திக்கொள்வது இயல்பு. உடைந்த இடத்தின் கீழே, வெண்ணெயைப்போல் வழவழப்பும் இளமஞ்சள் நிறமும் கொண்ட பதார்த்தம் ஒன்று காத்திருக்கிறது. மேலே உள்ள தகடு சற்று முன்புதான் தீச்சுவாலையில் உருகிப் பொன்னிறமாகி இன்னும் இளஞ்சூட்டுடன் இருக்க, கீழே உள்ளதோ குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்பு மாறாமல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு தாள்கூட வைக்கப்படவில்லை.

தீ மேலே எரிய, அதன் அடியில் குளிர் எப்படி அழியாமல் நின்றது என்பது முதற் புதிர். இரண்டாவது புதிர் இதனினும் பழையது. நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே உள்ளது. சற்று அதிகமாக வெந்த முட்டை ரப்பரைப்போல் இறுகிவிடுகிறது. ஆம்லெட் ஆறினால் தோலைப்போல் ஆகிவிடுகிறது. அதே முட்டைதான் இந்தக் கிண்ணத்தில் பட்டைப்போல் மென்மையாக நாவில் கரைகிறது. ஒரே பொருள் இங்கே ஒரு சுபாவத்தையும் அங்கே வேறொரு சுபாவத்தையும் காட்டுவானேன்?

க்ரெம் ப்ரூலே என்பதற்குச் 'சுட்ட பாலேடு' என்பதே பொருள். பாலின்மேல் மிதந்து திரளும் கொழுப்பு மிகுந்த பகுதியே பாலேடு. கடைகளில் 'கிரீம்' என்ற பெயரில் விற்பதும் அதுவே. பாலேடு, முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, வாசனைக்குச் சிறிது வெனிலா ஆகிய நான்கே பொருள்கள்தாம் இதில் அடங்கியுள்ளன. பாலையோ பாலேட்டையோ முட்டையோடு சேர்த்துச் சூட்டினால் உறையவைத்துச் செய்யும் இனிப்புகள் யாவற்றுக்கும் கஸ்டர்ட் என்பது பொதுப்பெயர். அந்தக் குடும்பத்தில் நுட்பத்தால் தலைசிறந்தது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

நூற்கண்டு அவிழ்கிறது

மெழுகைச் சூடாக்கினால் உருகுகிறது, நெய் உருகுகிறது, வெல்லம் இளகுகிறது. முட்டை மட்டும் சூட்டில் இறுகுகிறது. இவ்வளவு விபரீதமான குணம் அதற்கு வாய்த்ததற்குக் காரணம் அதிலுள்ள புரதங்களே. ஒவ்வொரு புரதமும் மிக நீண்ட சங்கிலியாயினும், பச்சை முட்டையில் அது நீண்டு கிடப்பதில்லை. நன்றாகச் சுற்றிய நூற்கண்டைப்போல் உருண்டு, ஒன்றோடொன்று சிக்காமல் நீரில் மிதந்து திரிகிறது. நூற்கண்டுகள் நிறைந்த கூடையைக் குலுக்கினால் அவை உருளுமேயன்றிப் பின்னிக்கொள்வதில்லை. பச்சை முட்டை திரவமாக இருப்பதும் அதுபோன்றதே.

உஷ்ணம் ஏறும்போது இந்தக் கண்டுகள் நடுங்கி, தம்மைச் சுற்றிக் கட்டியிருந்த பிணைப்புகள் தளர்ந்து, அவிழத் தொடங்குகின்றன. இதற்குப் புரதத்தின் இயல்புத் திரிபு என்று பெயர். அவிழ்ந்த நூல் சும்மா கிடப்பதில்லை. பக்கத்து நூலைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. அது மற்றொன்றோடு ஒட்டுகிறது. கடைசியில் பாத்திரம் முழுவதும் பரந்த ஒரு வலை உண்டாகிவிடுகிறது. அந்த வலையின் கண்களுக்குள் நீர் அகப்பட்டு, ஓட வழியின்றி நின்றுவிடுவதைத்தான் நாம் 'உறைந்தது' என்கிறோம். வெள்ளைக் கரு ஏறத்தாழ 62 டிகிரி செல்சியஸில் இந்த வேலையைத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65 டிகிரியில் கெட்டிப்படத் தொடங்கி 70 டிகிரியில் உறைந்துவிடுகிறது.

இவ்வளவில் உஷ்ணத்தை நிறுத்திக்கொண்டால் வலை தளர்வாக, நீரை ஏந்திக்கொண்டு நிற்கும். நிறுத்தாமல் மேலும் ஏற்றினால் நூல்கள் இன்னும் பல இடங்களில் ஒட்டி, வலை இறுகிச் சுருங்கி, தான் ஏந்திய நீரைத் தானே பிழிந்து வெளியேற்றிவிடும். அதிகம் வெந்த முட்டை ரப்பராவதும், கஸ்டர்ட் திரிந்து தனியே நீர் விடுவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

பாலேட்டிலும் புரதம் உண்டே, அது உறையாதா என்று கேட்கலாம். பாலின் முக்கியப் புரதமாகிய கேசீன் வெறும் சூட்டுக்கு அசைந்து கொடுப்பதில்லை. பாலை எத்தனை நேரம் காய்ச்சினாலும் அது சுண்டுமே தவிர உறையாது. அதற்குப் புளிப்பு வேண்டும். நாம் தினமும் மோரிட்டு உறை ஊற்றுவதன் தத்துவம் அதுவே. ஆகையால் சுட்ட பாலேட்டில் உறையவைக்கும் பொறுப்பு முழுவதும் மஞ்சள் கருவின்மேல் விழுகிறது.

பதினான்கு கிராம் செய்யும் வேலை

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். நால்வர் உண்ணும் அளவுக்கு 500 கிராம் பாலேடு, 5 மஞ்சள் கரு, 80 கிராம் சர்க்கரை எடுத்துக்கொள்கிறோம். ஒரு மஞ்சள் கருவின் எடை சுமார் 18 கிராம்; ஐந்துக்கும் சேர்த்து 90 கிராம். ஆக மொத்தக் கலவை 670 கிராம்.

மஞ்சள் கருவில் பாதி நீர். மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. புரதம் 100 கிராமுக்கு 16 கிராம் அளவே. எனவே நம் 90 கிராம் கருவிலிருந்து கிடைக்கும் புரதம் சுமார் 14 கிராம். நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைக்கு மேல் இராது. மறுபக்கம், 500 கிராம் பாலேட்டில் ஏறக்குறைய 300 கிராம் நீர்; கருவிலுள்ள நீர் 45 கிராம். இந்த 345 கிராம் நீரையும், அதோடு பாலேட்டில் மட்டுமே 175 கிராம் அளவுள்ள கொழுப்பையும், கரைந்த சர்க்கரையையும் சிந்தாமல் தாங்கி நிற்பது அந்த 14 கிராம் புரதத்தால் நெய்த வலை! ஒவ்வொரு கிராமும் தன் எடையைப்போல் இருபத்தைந்து மடங்கு நீரைச் சுமக்கிறது. மல்மல் துணியினும் மெல்லிய நெசவு இது. வெந்த முட்டையின் நெசவோ கோணிச் சாக்கைப்போல் நெருக்கமானது. நாம் எழுப்பிய இரண்டாவது புதிரின் விடையில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

புரதங்கள் இப்படி விலகி விலகி மிதப்பதால், அவை அவிழ்ந்தாலும் ஒன்றையொன்று சந்திப்பது எளிதன்று. கரைந்துள்ள சர்க்கரையோ அவற்றை அவிழவிடாமல் தடுத்து நிற்கிறது. ஆகவே தனி மஞ்சள் கரு 70 டிகிரியில் உறைய, இந்தக் கலவை உறைவதற்கு 80 டிகிரிக்குச் சற்று மேலே செல்லவேண்டியிருக்கிறது. ஆனால் 85 டிகிரியைத் தாண்டினால் திரிந்துபோகும் அபாயம். கஸ்டர்ட் செய்பவருக்குக் கிடைத்துள்ள இடைவெளி ஐந்தே டிகிரி. நம் பாட்டிமார் 'பதம்' என்ற ஒரு சொல்லில் எதை அடக்கினார்களோ, அதைத்தான் இங்கே வெப்பமானி எண்ணாகக் காட்டுகிறது.

காய்ந்த பாலேட்டைக் கருவின்மேல் ஒரேயடியாகக் கொட்டாமல், சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குவதும் இந்தக் காரணத்தாலேயே. முதலில் விழும் சூடு, நீர்த்துப்போகாத கருவைத் தாக்கினால் அது 70 டிகிரியிலேயே உறைந்து கட்டி கட்டியாகிவிடும்.

மென்மைக்கு மற்றொரு துணை கொழுப்பு. கொழுப்பின் நுண்துளிகள் வலையின் நூல்களுக்கிடையே புகுந்து, அவை நெருங்கி இறுகாமல் காக்கின்றன. துளிகள் ஒன்றுகூடிப் பிரியாமல் பார்த்துக்கொள்ளும் பொருள்களுள் ஒன்று லெசித்தின். மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

வெனிலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இந்த ஆர்க்கிட் கொடியின் தாயகம் மெக்சிகோ. பிரெஞ்சுக்காரர் அதை இந்துமகாசமுத்திரத்திலுள்ள ரெயூனியன் தீவில் நட்டபோது கொடி படர்ந்தது, பூத்தது. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் அங்கு இல்லாமையால் காய்க்கமட்டும் இல்லை. 1841ஆம் ஆண்டில் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சி ஒன்றால் பூவினுள் இருந்த சவ்வை விலக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்திச் சேர்க்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகின் வெனிலாத் தோட்டங்களில் பூக்கள் ஒவ்வொன்றாக மனிதர் கையாலேயே சூல்கொள்கின்றன. அடிமை முறை ஒழிந்தபின் எட்மண்ட் ஆல்பியஸ் என்று பெயர்பெற்ற அவர், 1880இல் வறுமையில் இறந்தார். பாலேட்டில் மிதக்கும் கறுப்புப் புள்ளிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுவனின் நினைவு வருகிறது.

வெந்நீரின் காவல்

ஐந்து டிகிரி இடைவெளியில் ஒரு பதார்த்தத்தை நிறுத்துவது எப்படி? ரொட்டி சுடும் ஓவனின் உள்ளே காற்று 150, 160 டிகிரியில் இருக்கும். கிண்ணத்தை அப்படியே வைத்தால் ஓரம் திரிந்துபோன பிறகும் நடுப்பகுதி திரவமாகவே நிற்கும். ஆகையால் கிண்ணங்களை ஒரு பெரிய தட்டில் அடுக்கி, அவற்றின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி உள்ளே வைக்கிறார்கள்.

நீர் 100 டிகிரிக்குமேல் ஏறாது என்பதை அனைவரும் அறிவர். ஆனால் 100 டிகிரியே கஸ்டர்டுக்கு ஆபத்தாயிற்றே! இங்கேதான் இயற்கையின் ஓர் அழகிய ஏற்பாடு வெளிப்படுகிறது. திறந்த தட்டிலுள்ள நீர் இடைவிடாமல் ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு துளியும் மீதி நீரிலிருந்து உஷ்ணத்தைக் கவர்ந்துகொண்டு போகிறது. கோடைக்காலத்து மண்பானையின் மேனியில் கசிந்த நீர் ஆவியாகி உள்ளேயுள்ள நீரைக் குளிரச் செய்வது எந்த விதியாலோ, அந்த விதியாலேயே இந்தத் தட்டிலுள்ள நீர், 160 டிகிரிக் காற்றின் நடுவே இருந்துகொண்டும், கொதிக்காமல் 80க்கும் 90க்கும் இடையில் நின்றுவிடுகிறது. தட்டைத் தகட்டால் இறுக மூடிவிட்டால் ஆவிக்குப் போக்கிடம் இராது, நீர் கொதிநிலையை நெருங்கும், உள்ளிருப்பது கெடும். மூடி வைத்தால் சீக்கிரம் வேகும் என்று எண்ணிப் பாழாக்குபவர் பலர்.

ஓரம் உறைந்து, கிண்ணத்தை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் தளதளவென்று ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ஓரத்திலுள்ள சூடு நடுவுக்குச் சென்று மிச்ச வேலையைத் தானே முடித்துக்கொள்ளும்.

வேறு வலைகள்

இந்தப் புரத வலையை உலகம் பலவிதமாக நெய்துள்ளது. கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டில் நிறுத்திப் பரிமாறும் கேரமல் கஸ்டர்ட் தன் காலில் தானே நிற்கவேண்டியிருப்பதால், அதற்கு வெள்ளைக் கருவின் உறுதியும் தேவை. முழு முட்டையைச் சேர்க்கிறார்கள். கிண்ணத்தைவிட்டு வெளியே வராத க்ரெம் ப்ரூலேக்கு அந்தக் கவலை இல்லை. இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் விருந்தில் இடம்பெறும் வட்டிலப்பம் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் முட்டையும் ஏலமும் சேர்த்து ஆவியில் அவித்த கஸ்டர்டேயாகும். அதன் உடலில் தோன்றும் சிறு துளைகளைப் பிரெஞ்சுச் சமையற்காரர் பிழையென்று கருதுவார். அந்தத் துளைகளுக்காகவே வட்டிலப்பத்தை விரும்புவோர் உண்டு. ருசியின் நீதிமன்றத்தில் இரு தரப்பும் வெல்வதற்கு இடமிருக்கிறது.

முட்டையே இல்லாமல் உறையும் அதிசயமும் நம்மிடம் உண்டு. கன்று ஈன்ற பசுவின் முதல் சில நாள் சீம்பாலில், கன்றை நோயிலிருந்து காப்பதற்கென்று இயற்கை நிறைத்து அனுப்பும் புரதங்கள் மிகுதியாக உள்ளன. அவை கேசீனைப்போல் பிடிவாதமானவை அல்ல. சூடு பட்டதும் அவிழ்ந்து வலை பின்னிவிடுகின்றன. கருப்பட்டியும் ஏலமும் சேர்த்து அவித்த சீம்பால் கத்தியால் வெட்டும் பதத்துக்கு வருவது அதனால்தான். கடையில் விற்கும் கஸ்டர்ட் பவுடரோ இந்தக் குலத்தைச் சேர்ந்ததன்று. முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக ஆல்ஃபிரட் பேர்டு என்னும் பர்மிங்ஹாம் மருந்துக்கடைக்காரர் 1837இல் செய்த அந்தப் பொடியில் கெட்டிப்படுத்துவது சோளமாவு; அதைக் கொதிக்கவிடலாம், திரியாது. எளிதுதான், ஆனால் நாவில் கரையும் விதம் வேறு.

தீயின் ஒரு நிமிஷம்

இனி முதற் புதிருக்கு வருவோம். பிரான்சுவா மசியலோ என்னும் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் 1691இல் வெளியிட்ட நூலில் இந்த இனிப்பின் செய்முறை அச்சேறியது. நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் அதுவே பழமையானது. மேலே தூவிய சர்க்கரையைச் சுடுவதற்கு அவர் கூறும் கருவி, தீயில் பழுக்கக் காய்ச்சிய அடுப்புக் கரண்டி. இன்று அதன் இடத்தைக் கையடக்கமான வாயுச்சுடர் பிடித்துக்கொண்டது. அதன் நுனியில் உஷ்ணம் 1000 டிகிரிக்கும் மேல்.

நம் கிண்ணத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் இரண்டு தேக்கரண்டி, அதாவது 8 கிராம் சர்க்கரையைத் தூவினால், அது உருகிப் பரவும்போது உண்டாகும் ஏட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்று மேல். இவ்வளவு மெல்லிய ஏட்டை உருக்கச் சுவாலைக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் சூடு கீழே எவ்வளவு தூரம் போகும்? நீரைச் சூடாக்கினால் அடிநீர் மேலே எழுந்தும் மேல்நீர் கீழே இறங்கியும் உஷ்ணத்தைச் சுமந்து திரியும். கஸ்டர்டிலோ நீர் முழுவதும் வலைக்குள் சிறைப்பட்டிருப்பதால் அந்தப் பயணம் நடவாது. போதாக்குறைக்குச் சூடு படுவது மேற்பக்கத்தில். ஆகவே உஷ்ணம் துகளுக்குத் துகள் கைமாறிக் கைமாறி ஊர்ந்துதான் செல்லவேண்டும். ஒரு நிமிஷத்தில் அது ஊர்ந்து கடக்கும் தூரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அதைப்போல் இரு மடங்கு தூரம் செல்ல இரு மடங்கு நேரம் போதாது. நான்கு மடங்கு நேரம் வேண்டும். கஸ்டர்டின் ஆழம் 25 மில்லிமீட்டர். மேலே தீ அணைந்து ஓடு கெட்டிப்பட்டுவிட்ட பின்னும், அடியிலிருக்கும் பெரும்பகுதிக்குச் சூடு பட்ட செய்தியே எட்டியிராது. வலையை நெய்தபோது வேண்டியிருந்தது நிதானம். இப்போது வேண்டியிருப்பது வேகம். சுவாலை தணிந்து, ஒரு நிமிஷத்து வேலை ஐந்து நிமிஷமானால், குளிர்ந்த பாலேடு கலங்கிக் கூழாகிவிடும்.

சர்க்கரைக்கு அந்த நிமிஷத்தில் நேர்வது சாதாரண உருகுதல் அன்று. நம் வீட்டுப் பாகில் நீர் இருப்பதால் கம்பிப் பதத்தில் உஷ்ணம் 110 டிகிரியை ஒட்டியே நிற்கும். சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கும். நீரில்லாத சர்க்கரையோ 160, 170 டிகிரியைத் தாண்டி ஏறி, சிதைந்து, தன் உறுப்புகளாலேயே புதுப்புதுப் பொருள்களைக் கட்டிக்கொள்கிறது. வாசனையற்ற வெள்ளைப் பொருள் ஒன்றிலிருந்து வெண்ணெய் மணமும், பழ மணமும், வறுத்த கொட்டையின் மணமும் எழுகின்றன. இனிப்புக் குறைந்து, அதன் இடத்தில் இலேசான கசப்பும் புளிப்பும் புகுகின்றன. கேரமல் என்று நாம் சொல்வது நூற்றுக்கணக்கான பொருள்களின் கூட்டம். இந்தக் கசப்பு இல்லாவிடில் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த பாலேடு இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடும்.

கற்கண்டும் கண்ணாடியும்

சர்க்கரைக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டுப் பல நாள் அசையாமல் வைத்தால், துகள்கள் அணிவகுத்து முகம் முகமாக அடுக்கி நின்று கற்கண்டாகின்றன. உருகிய சர்க்கரையைச் சட்டென்று குளிரவிட்டாலோ, அணிவகுக்க அவகாசமின்றித் துகள்கள் நின்ற இடத்திலேயே, கலைந்த கூட்டமாகவே உறைந்துபோகின்றன. இந்த நிலைக்குக் கண்ணாடி நிலை என்று பெயர். ஜன்னல் கண்ணாடியும் இத்தகையதே. கரண்டி பட்டதும் ஓடு வளையாமல் கீறிச் சிதறுவதும், அந்த ஓசையும், கண்ணாடி நிலையின் இலட்சணங்கள்.

ஆனால் இந்தக் கண்ணாடிக்கு ஆயுள் குறைவு. சர்க்கரை ஈரத்தை விரும்பி இழுப்பது. கீழே உள்ள பாலேடோ பாதிக்குமேல் நீர். கண்ணாடிக்குள் ஈரம் புகப் புகத் துகள்கள் நழுவ இடம் கிடைத்து, ஓடு முதலில் பிசுபிசுத்து, பிறகு இளகி, கடைசியில் பாகாகிவிடுகிறது. கேரமல் கஸ்டர்டில் கிண்ணத்தின் அடியில் ஊற்றி உறையவைத்த கேரமல், மறுநாள் கவிழ்க்கும்போது பழுப்புநிறச் சாறாக வழிவது இதே மாற்றத்தால்தான். அங்கே நாம் விரும்பி வரவேற்பது இங்கே நம் விருந்தைக் கெடுக்கிறது.

ஆகவே கஸ்டர்டை முதல் நாளே செய்து குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையை மட்டும் முன்கூட்டியே தூவ வேண்டாம். விருந்தினர் அமர்ந்தபின் மேற்பரப்பின் ஈரத்தை ஒற்றி எடுத்து, சர்க்கரையைத் தூவி, ஒரே நிமிஷத்தில் சுட்டு, ஓடு கெட்டிப்பட இரண்டு நிமிஷம் விட்டு, உடனே அவர்கள் கையில் கரண்டியைக் கொடுத்துவிடுங்கள்.